பதினாறு எண்ணிக்கை

"எனக்கு மூச்சு போதலை டீச்சர்," என்றாள் யூனிஸ்.

ஹெப்சி டீச்சர் பியானோவிலிருந்து கையை எடுத்தாள்.

"எவ்வளவு போதலை?"

"அஞ்சு எண்ணிக்கை. பதினாறு வரைக்கும் பிடிக்கணும். பதினொன்னுல நின்னுடுது."

"சரி."

"சரின்னா?"

"பதினொன்னு வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

யூனிஸுக்கு ஐம்பத்து நான்கு வயது. டீச்சருக்கு முப்பத்தாறு. பொன்மலை ரயில்வே காலனிக் கிறிஸ்தவக் கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவள் டீச்சர். யூனிஸ் அவளிடம் பாட வந்து ஆறு வருடமாகிறது. வயதில் சின்னவளிடம் கற்பதில் அவளுக்கு வெட்கம் இல்லை. பாதியில் மூச்சு நின்றுபோவதில்தான் வெட்கம்.

அந்த வருடம் மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு ஆல்பம் பாடிக்கொண்டிருந்தார்கள். யூனிஸ், சின்ன வயதில் கான்வென்ட் சிஸ்டரிடம் ஆப்பரா படித்தவள். டோரின், ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் நடனம் நடக்கும்போது ஜாஸ் பாடிய ஆங்கிலோ இந்தியப் பெண். செல்வபாக்கியம், பெந்தெகொஸ்தே சபையில் கைதட்டி கோஸ்பல் பாடுகிறவள். சோல் என்கிற அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு மூவருக்கும் புதிது. அதை டீச்சர் சொல்லிக்கொடுத்தாள். பிறகு நான்கையும் ஒரே பாட்டுக்குள் போட்டாள்.

ஏழு பாட்டு பதிவாகிவிட்டது. எட்டாவது மிச்சம். அது கைதட்டலில் தொடங்கி, ஜாஸில் நடந்து, கடைசியில் ஒரே ஒரு சுரத்தில் போய் நிற்கும். உச்சமான சுரம் என்று சொல்ல முடியாது. நீளம்தான் பயம். பதினாறு எண்ணிக்கை.

அந்தச் சுரம் யூனிஸுடையது.

முப்பது வருடமாக ஊரார் கல்யாணத்திலும் அடக்கத்திலும் பாடியவள். அவள் குரல் எதிலும் பதிவானதில்லை. இந்த ஏழு பாட்டிலும் பின்னால்தான் நின்றாள். எட்டாவதில் ஒரே ஒரு இடத்தில் முன்னால் வருகிறாள். சனிக்கிழமை கோயிலுக்குள்ளேயே பதிவு. திங்கட்கிழமை கோயில் கூரையைப் பிரிக்கிறார்கள். அப்புறம் ஆறு மாதத்துக்குச் சுத்தியல் சத்தம்தான்.

"மூச்சை நீளமாக்க ஒரு வழி சொல்லுங்க டீச்சர்."

"தெரியாது."

"உங்களுக்கா தெரியாது?"

"உங்க டாக்டருக்கே தெரியலை."

அதுவும் உண்மைதான். மூன்று வருடத்துக்கு முன் வந்த நிமோனியா யூனிஸின் நுரையீரலில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆறிவிட்டது, ஆனால் பழைய அளவு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அவங்க ரெண்டு பேரும் உங்ககூடச் சேர்ந்து பிடிக்கட்டும்," என்றாள் டீச்சர். "ஆளுக்கு ஒரு நேரத்துல மூச்சு எடுங்க. சுரம் அறுந்துபோகாது."

பாடகர் குழுக்களில் இது பழைய வழக்கம். யூனிஸுக்கும் தெரியும்.

"அது நாற்பது பேர் பாடும்போது. நாங்க மூணு பேர். மூணு குரலும் மூணு நிறம். மாறுறது தெரிஞ்சிடும்."

"தெரியட்டும்."

"ஒரே மூச்சுல பிடிச்சாத்தான் சுரம்னு சிஸ்டர் சொல்லுவாங்க. இப்படிப் பிடிச்சா அது என் சுரமா டீச்சர்?"

டீச்சர் மறுபடி பியானோவில் கை வைத்தாள். பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

யூனிஸ் விடவில்லை.

காலையில் ரயில்வே மேம்பாலத்தின் படிகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மத்தியானம் தரையில் படுத்து, வயிற்றின் மேல் அரிசி டப்பாவை வைத்து, ஏற்றி இறக்கினாள். மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனாள்.

வியாழக்கிழமை யூனிஸ் வந்து சொன்னாள்.

"பன்னிரண்டு வந்தது டீச்சர்."

"கண் இருட்டுச்சா?"

"லேசா."

"அப்போ பதினொன்னுதான்."

வெள்ளிக்கிழமை மூவரும் சேர்ந்து பாடிப் பார்த்தார்கள். யூனிஸ்தான் கண்டிப்பாகச் சொன்னாள்.

"மூச்சு எடுக்கிறது வெளியே கேட்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"நான் மூச்சு எடுக்கிறதைக் கேட்கத்தான் மேன் அந்தக் காலத்துல ஆளுங்க முன் வரிசைக்கு வந்தாங்க," என்றாள் டோரின்.

"உன் மூச்சை நீ வீட்டுல வை."

செல்வபாக்கியம் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவள் மற்ற இருவரையும்விடப் பத்து வயது சின்னவள்.

கைதட்டல் நன்றாகப் போயிற்று. ஜாஸ் நன்றாகப் போயிற்று. கடைசிச் சுரத்தை மூவரும் பிடித்தார்கள். எட்டு. ஒன்பது. பத்து. மூன்று முகமும் சிவந்தது.

பதினொன்றில் மூவரும் ஒன்றாக அறுந்தார்கள். பாட்டின் நடுவே பள்ளம் விழுந்தது. கோயில் கூரையிலிருந்த புறாக்கள் மட்டும் பாடின.

"பாக்கியம், நீ ஏன் நிறுத்தினே?" என்று கேட்டாள் யூனிஸ்.

"நீங்க முதல்ல மூச்சு எடுங்கன்னு காத்துட்டு இருந்தேன்க்கா. நீங்க எடுக்கவே இல்லை."

"டோரின்?"

"நான் பாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். நீ?"

யூனிஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கடைசி வரைக்கும் தானே பிடித்துவிடலாம் என்றுதான் இருந்தாள்.

"பஸ் படியில நின்னு, நீங்க ஏறுங்க நீங்க ஏறுங்கன்னு சொல்லி, பஸ்ஸையே விட்டுட்டோம்," என்றாள் டோரின்.

"சபையில நீ எப்படிப் பாடுவே?" என்று டீச்சர் செல்வபாக்கியத்தைக் கேட்டாள்.

"அங்கே மூச்சைப் பத்தி யாரு டீச்சர் நினைக்கிறாங்க? நான் விட்டா சபை பிடிச்சுக்கும்."

டீச்சர் யூனிஸைப் பார்த்தாள். யூனிஸ் தரையைப் பார்த்தாள்.

"நாளைக்கு நான் ஒரே மூச்சுல பிடிச்சிடுவேன் டீச்சர். பாருங்க."

"ரெண்டு மணிக்கு வாங்க," என்றாள் டீச்சர்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு மைக் தயாராக இருந்தது. மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். டீச்சர் முன்வரிசை பெஞ்சுகளைக் காட்டினாள்.

"இந்த ரெண்டும் வெயிலுக்குக் கிரீச்சுங்குது. மைக்குல விழும். வாசல்கிட்டே போட்டுட்டு வாங்க."

"நாங்களா?"

"நான் மைக்கைப் பார்க்கணும். நடுவுல கீழே வைக்காதீங்க. தரை ஓடு புதுசு."

தேக்குப் பெஞ்ச். வெள்ளைக்காரன் காலத்துக் கனம். டோரின் மூக்கில் வழுக்கும் கண்ணாடியை ஏற்றிவிட்டு முன் முனையைப் பிடித்தாள். யூனிஸ் பின் முனை. செல்வபாக்கியம் நடுவில்.

பாதி தூரம் போவதற்குள் மூவருக்கும் கை கடுத்தது. யூனிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். தன்னால் நிற்கக் கூடாது என்பதுதான் அவள் நினைப்பு. மற்ற இருவர் நினைப்பும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பெஞ்ச் மூன்று கையிலிருந்தும் ஒரே நேரத்தில் நழுவியது.

புறாக்கள் பறந்தன. டீச்சர் நடந்து வந்து தரையைப் பார்த்தாள். ஒரு ஓடு குறுக்கே விரிசல் விட்டிருந்தது.

"பாதிரி ஐயர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றாள். "இன்னொன்னு இருக்கு."

விழுந்ததை இழுத்துச் சுவரோரம் போட்டார்கள். இரண்டாவது பெஞ்சைத் தூக்கினார்கள். பழைய இடத்திலேயே நின்றார்கள். மூன்று பேருக்கும் மற்றவர் கால் விரல் மேல் கண் இருந்தது.

வாசல் வந்தது. மெதுவாக இறக்கினார்கள். ஓட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

யூனிஸ் டோரினைப் பார்த்தாள். வழியெல்லாம் மூக்கு நுனிக்கு இறங்கியிருக்க வேண்டிய கண்ணாடி, நேராக இருந்தது.

"எப்போ கண்ணாடியை ஏத்திவிட்டே?"

"அந்த ரெண்டாவது தூண்கிட்ட. பாக்கியம் ஓர் அடி முன்னால வந்து பிடிச்சா."

"எனக்குத் தெரியவே இல்லையே."

"நீயும்தான் கையை உதறினே. ஞானஸ்நானத் தொட்டிகிட்ட."

"உதறினேன்."

"ரொம்ப வலிச்சுதாக்கா?" என்று கேட்டாள் செல்வபாக்கியம்.

"வலிக்கலை."

"பின்னே ஏன் உதறினீங்க?"

"நீ என் பக்கம் வந்திருந்தே. அதான் விட்ட..."

யூனிஸ் பாதியில் நிறுத்தினாள்.

மைக் பக்கம் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"வாங்கடி," என்றாள் யூனிஸ்.

மூவரும் மைக்கைச் சுற்றி நின்றார்கள். டீச்சர் பதிவுப் பொத்தானை அமுக்கினாள்.

செல்வபாக்கியத்தின் கைதட்டல் எழுந்தது. மற்ற இருவரும் அதற்குள் நுழைந்தார்கள். டோரின் அதை மெல்லச் சாய்த்து ஜாஸாக்கினாள். நடுவில் ஒரு வரி வந்தது. சோல் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தது. அதில் யூனிஸின் குரல் கரகரத்தது. சிஸ்டர் கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பார். யூனிஸ் அப்படியே விட்டாள்.

கடைசிச் சுரம் வந்தது.

டீச்சர் வலது கையை உயர்த்தினாள். அந்தக் கை இறங்கும்போது நிறுத்த வேண்டும்.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஐந்தில் யூனிஸிடம் மூச்சு நிறைய இருந்தது. இன்னும் ஆறு எண்ணிக்கைக்குத் தாங்கும். டோரின் பக்கத்தில் இருந்தாள். யூனிஸ் வாயை மூடினாள். மூச்சு எடுத்தாள்.

டோரினின் புகைந்த குரல் மேலே வந்தது. நிறம் மாறியது தெரிந்தது. சுரம் விழவில்லை. யூனிஸ் மறுபடி சுரத்துக்குள் போனாள். அதன் பிறகு செல்வபாக்கியம் மூச்சு எடுக்கச் சுரத்தை விட்டாள். பெரிய குரல் போன இடத்தில் மெல்லிசாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. அது தன் குரல் என்று யூனிஸுக்குச் சற்றுப் பொறுத்துத்தான் புரிந்தது. டோரின் மூச்சை இழுப்பது எல்லோருக்கும் கேட்டது. அதுவும் பாட்டில் சேர்ந்துகொண்டது.

பதினாறு போயிற்று. டீச்சர் கை இறங்கவில்லை.

இருபது. இருபத்தைந்து.

டோரின் புருவத்தைத் தூக்கி யூனிஸைப் பார்த்தாள். யூனிஸ் லேசாகத் தலையாட்டினாள். பாடு என்று அர்த்தம்.

முப்பதுக்கு மேல் யூனிஸ் எண்ணுவதை விட்டாள்.

கடைசியில் டீச்சரின் கை நடுங்கியது. முழங்கை மடங்கியது. கை இறங்கியது.

சுரம் கூரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அடங்கியது.

டீச்சர் பொத்தானை அமுக்கிப் பதிவை நிறுத்தினாள்.

"என்ன டீச்சர், தூங்கிட்டீங்களா?" என்றாள் டோரின்.

டீச்சர் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"பதினாறுதானே எழுதியிருந்தது," என்றாள் யூனிஸ். "ஏன் நிறுத்தலை?"

"உங்களுக்கு மூச்சு முடியட்டும்னு பார்த்துட்டு இருந்தேன்க்கா," என்றாள் டீச்சர். "எனக்குக் கை வலிச்சுப் போச்சு."