நாற்பத்தொரு பல் தடங்கள்

மலைக்காட்டில் ஒரு பெரிய வேங்கை மரம். அதன் உச்சிக் கிளையில் செவலை என்ற மலையணில் இருந்தது. அதற்குக் கீழே, மரப்பொந்தில், ஓர் இருவாச்சிப் பறவைக் குடும்பம்.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலத்தில் தாய்ப்பறவை பொந்துக்குள் புகுந்து, மண்ணாலும் எச்சத்தாலும் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீற்றுதான் மிச்சம். உள்ளே அதன் இறகுகள் எல்லாம் உதிர்ந்துவிடும். புது இறகு முளைக்கும்வரை அதனால் பறக்க முடியாது. ஆண்பறவைதான் பழம் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியாக ஊட்ட வேண்டும்.

செவலைக்குக் குடும்பம் இல்லை. அதற்கு வேண்டியது ஞானம். அதனால் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், தவம் இருந்தது. கிளையை விட்டு நகரக் கூடாது. யாரிடமும் பேசக் கூடாது. கைக்கு எட்டும் தளிரை மட்டுமே தின்ன வேண்டும். ஒரு நாள் தவறினாலும் எல்லாம் வீண். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கணக்குத் தவறாமல் இருக்க, விடிந்ததும் கிளையின் பட்டையில் ஒரு கடி கடிக்கும். நாளுக்கு ஒரு பல் தடம்.

அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மைனா ஒன்று சீண்டும்.

"என்ன சாமியாரே! ஞானம் எதுவரை வந்திருக்கிறது? மலையடிவாரத்தையாவது தாண்டிவிட்டதா?"

செவலை பதில் பேசாது. தன் புசுபுசு வாலைத் தூக்கிக் காதுகளைப் பொத்திக்கொள்ளும்.

நாற்பதாம் நாள் காலை. எதிரே இருந்த அத்தி மரத்தின் பக்கமிருந்து ஓர் அலறல் கேட்டது. செவலை கண்ணைத் திறந்தது. கழுகு ஒன்று கால்களில் எதையோ பற்றிக்கொண்டு மேலே எழும்பியது. கறுப்பும் வெள்ளையுமாக ஓர் இறகு காற்றில் சுழன்று வந்து செவலையின் கிளையில் விழுந்தது.

அது ஆண் இருவாச்சியின் வால் இறகு.

நண்பகலில் பொந்திலிருந்து தாயின் குரல் வந்தது. "ஏன் இன்னும் காணோம்? குஞ்சு பசியில் துடிக்கிறதே! யாராவது அவரைப் பார்த்தீர்களா?"

செவலை கிளையில் கிடந்த இறகைப் பார்த்தது. 'தவம் முடியும் நேரத்தில்தான் சோதனை வரும். இந்தக் குரலும் ஒரு சோதனைதான். மனத்தை விட்டுவிடாதே!' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, வாலால் காதுகளை இறுக்கிப் பொத்தியது.

மறுநாள் விடிந்ததும் நாற்பத்தொன்றாம் தடத்தைக் கடித்தது. இன்னும் ஏழே நாள்!

தாயின் குரல் இப்போது கம்மியிருந்தது. நடுப்பகலில் அதுவும் நின்றுவிட்டது. குஞ்சு மட்டும் கீச்சிட்டது. பிறகு அதுவும் விட்டு விட்டுக் கேட்டது. ஒரு கீச்சு. நெடுநேரம் ஒன்றுமில்லை. இன்னொரு கீச்சு.

அடுத்த கீச்சுக்காகச் செவலை காத்திருந்தது. அது வரவில்லை.

வால் தானாகவே காதிலிருந்து நழுவியது. 'சோதனை என்றால், அது ஏன் இப்படி அடங்கிப் போகிறது?'

செவலை கிளையை விட்டுத் தாவியது.

அத்தி மரம் எதிர்ப்பக்கம் இருந்தது. நடுவில் மரங்கள் சாய்ந்து வெட்டவெளியாகிக் கிடந்தது. அதைக் கடக்க ஒரே ஒரு காட்டுக்கொடிதான். வெட்டவெளியின் ஓரத்தில், இலையுதிர்ந்த இலவ மரத்தில், கழுகு உட்கார்ந்திருந்தது.

செவலை கொடியின் அடிப்பக்கமாகத் தொங்கியபடியே ஊர்ந்து போனது. வாய் நிறைய அத்திப்பழத்தை அடக்கிக்கொண்டு, அதே வழியில் திரும்பியது. பொந்தின் கீற்றில் ஒரு பழத்தை நீட்டியது.

சரேலென்று அலகு வெளியே வந்து அதன் கையைக் கொத்தியது!

"யார் அது? குஞ்சைத் திருட வந்தாயா?"

"நான் செவலை, அக்கா! மேல்கிளை அணில்!"

"பொய்! மேலே இருப்பது ஊமை அணில். நாற்பது நாளாக அதன் குரலை நான் கேட்டதே இல்லை. போ அந்தப் பக்கம்!"

செவலை மேலே ஓடிப்போய், தன் கிளையில் விழுந்த அந்த இறகை எடுத்துவந்து கீற்றுக்குள் மெல்லச் செருகியது.

இறகு உள்ளே இழுபட்டது.

"எப்போது?" என்று கேட்டது தாய்.

"நேற்றுக் காலையில், அக்கா."

"நேற்றே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் கத்தியது கேட்டதா?"

"கேட்டது. அதை என் தவத்துக்கு வந்த சோதனை என்று நினைத்துவிட்டேன்."

கீற்றில் தாயின் அலகு நுனி தெரிந்தது. "முதலில் குஞ்சுக்குக் கொடு" என்றது.

அன்றிலிருந்து செவலைக்கு ஓய்வில்லை. ஓர் இருவாச்சி ஒரே தடவையில் தொண்டை நிறைய அடக்கிவரும் பழத்தை, அணில் ஏழெட்டு நடை சுமக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நடையிலும் அதே கொடி, அதே கழுகு.

மூன்றாம் நாள் கழுகு பாய்ந்தது.

"கழுகு!" என்று எங்கிருந்தோ மைனா அலறியது. செவலை கொடியோடு கொடியாக ஒட்டிக்கொண்டது. முதுகை உரசிக்கொண்டு காற்று போனது. சுளீரென்று ஒரு வலி. செவலை எப்படியோ மரம் வந்து சேர்ந்தது. திரும்பிப் பார்த்தால் பாதி வாலைக் காணோம்! வாயிலிருந்த பழங்கள் மட்டும் அப்படியே இருந்தன.

மைனா பதறிப் பறந்து வந்தது. "அடப் பைத்தியமே! பழத்தைத் துப்பிவிட்டு ஓடிவரக் கூடாதா? இனிமேல் காதைப் பொத்தக்கூட உனக்கு வால் இல்லையே!"

"இனி எதற்குப் பொத்த வேண்டும்?" என்றது செவலை. "குஞ்சு கத்தினால் எனக்குக் கேட்க வேண்டாமா?"

மறுநாள் மைனா தன் கூட்டத்தையே அழைத்துக்கொண்டு வந்து இலவ மரத்தைச் சுற்றி உட்கார்ந்தது. கழுகு சிறகை அசைத்தால் போதும், "நில்லு! நில்லு!" என்று அத்தனை மைனாக்களும் கத்தும். கழுகு அமர்ந்தால், "இப்போ வா சாமியாரே! ஓடி வா!" என்று கூப்பிடும். ஐந்து நாள் இந்தக் கூச்சலைக் கேட்ட கழுகு, வெறுத்துப்போய் வேறு மலைக்குப் பறந்துவிட்டது.

மூன்று வாரம் போனது. ஒரு காலையில் பொந்துக்குள்ளிருந்து தட், தட்டென்று சத்தம் கேட்டது. மண் சுவர் உடைந்தது. புது இறகோடு தாய் வெளியே வந்தது. அதன் பின்னால் குஞ்சு தலையை நீட்டியது. வாசலில் நின்ற பாதி வால் அணிலைப் பார்த்ததும், ஆவென்று வாயைத் திறந்தது.

செவலை சிரித்தபடி கடைசி அத்திப்பழத்தை அதன் வாயில் வைத்தது.

"இனி ஊட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன், தம்பி" என்றது தாய். "நீ போய் உன் தவத்தைத் தொடங்கு. என்னால் உன் நாட்கள் எல்லாம் வீணாகிவிட்டன."

அதற்குள் மைனா உச்சிக் கிளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. "சாமியாரே, பல் தடம் நாற்பத்தொன்றோடு நிற்கிறது! அப்புறம் எத்தனை நாள் ஆனது? எண்ணவே இல்லையா?"

செவலை யோசித்தது. அந்தக் கிளையில் இருந்த நாளெல்லாம் 'என் தவம், என் ஞானம், இன்னும் எத்தனை நாள்' என்று மனம் ஓயாமல் இரைந்துகொண்டே இருந்தது. கொடியில் பழத்தோடு போய்வந்த நாட்களில் அந்த இரைச்சல் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அது எப்போது நின்றது என்றுகூடச் செவலைக்குத் தெரியவில்லை.

"எண்ண மறந்துவிட்டேன்" என்றது செவலை. "கீழ்ச்சரிவில் ஒரு கிழட்டு மந்திக்குக் கண் தெரியவில்லையாமே? அதற்கு யார் பழம் பறித்துக் கொடுக்கிறார்கள்?"

"யாரும் இல்லை" என்றது மைனா.

"அப்படியானால் வழியைக் காட்டு!"

பாதி வாலை ஆட்டிக்கொண்டு செவலை மரத்தை விட்டு இறங்கியது.

தன் தவம் கலைந்துவிடுமே என்று அழுகுரலுக்குக் காதைப் பொத்துபவரைவிட, தன்னை மறந்து அந்த அழுகையைத் துடைக்க ஓடுபவரே ஞானத்துக்கு அருகில் இருக்கிறார்.