சுவருக்கு வெளியே போன பந்து

"நான் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும், கேப்டன்? ஒரு பெயர் சொல்லுங்கள். ஒரே ஒரு பெயர்."

லுசெட்டா வாசலில் நின்றபடியே கேட்டாள். எப்படி இருக்கிறீர்கள் என்றுகூட விசாரிக்கவில்லை.

முற்றத்தில் ஆல்தியா பச்சைத் துவரை உரித்துக்கொண்டிருந்தாள். மேற்கிந்தியத் தீவுகள் மகளிர் கிரிக்கெட் அணிக்கு ஒரு காலத்தில் அவள்தான் கேப்டன். லுசெட்டாவின் தலையில் முதன்முதலாக அந்த அரக்கு நிறத் தொப்பியை வைத்தது அவள் கை. இப்போது அந்தக் கை நிறையத் துவரைத் தோல்.

"உட்கார்," என்றாள்.

லுசெட்டா உட்காரவில்லை.

நடந்தது இதுதான். பதினாலு வருஷம் அந்த அணிக்கு ஆடியவளை, இனி நீ வேண்டாம் என்று ஓர் அதிகாரி போனில் செய்தி அனுப்பி முடித்துவிட்டார். இரண்டே வரி. அடுத்த வாரம் அவரே மறுபடி எழுதினார். நாளைய ஆட்டத்தின் இடைவேளைக்கு வா, ஐந்து நிமிடம் தருகிறோம், எல்லோருக்கும் நன்றி சொல்லி விடைபெற்றுக்கொள் என்று. இன்று மாலைக்குள் பதில் வேண்டுமாம்.

"போகப்போவதில்லை. தொப்பியைப் பையில் கொண்டுவந்திருக்கிறேன். நீங்கள் வைத்தது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்."

"அந்த ஆள் செய்தது அநியாயம்," என்றாள் ஆல்தியா. "அதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன்."

வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தவளுக்கு எதிராளி இல்லாமல் போயிற்று.

அதற்காகப் பேச்சை நிறுத்த முடியுமா? கடற்கரையில் தென்னை மட்டையை வைத்துக்கொண்டு ஆடிப் பழகியதில் ஆரம்பித்தாள். விரல் உடைந்த கதை, காய்ச்சலோடு நாள் முழுக்க நின்று ஆடிய கதை, ஊருக்குத் திரும்பினால் ஆண்கள் அணியில் உனக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்கும் நிருபர்கள் கதை. ஒன்று பாக்கியில்லை.

"எல்லாம் நானாகச் செய்தது, கேப்டன். எவரும் எனக்கு ஒன்றும் தரவில்லை."

"இடக்கைச் சுழற்பந்தைப் பார்த்தாலே உனக்குக் கால் பின்னிக்கொள்ளுமே, அது?"

"அதுவும் நானேதான். விடியற்காலையில் எழுந்து நெட்டில் ஆடி ஆடிச் சரிசெய்தேன்."

"பந்து போட்டது?"

"பெர்னிஸ். பாவம், கடைசிவரை அவளை அணியில் எடுக்கவே இல்லை. அது வேறு கதை. பேச்சை மாற்றாதீர்கள்."

"மாற்றவில்லை."

ஆல்தியா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போய் ஒரு பேட்டும் பந்தும் எடுத்துவந்தாள். வீட்டை ஒட்டிப் பள்ளிக்கூட மைதானம். விடுமுறை, ஒரு ஈ காக்கை இல்லை. எதிர்க்கோடியில் ஆள் உயரச் சுவர். அதற்கு அப்பால் சாலை.

"ஆடு."

"யார் பந்து போடுவது?"

"நீ."

"அடித்தால் யார் எடுத்துவருவது?"

"எல்லாம் நானாகச் செய்தது என்றாயே. ஆடு, பார்க்கிறேன்."

லுசெட்டாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பந்தைத் தூக்கிப் போட்டு, விழுவதற்குள் அடித்தாள். மைதானத்தைக் கிழித்துக்கொண்டு ஓடியது.

"நல்ல ஷாட்," என்றாள் ஆல்தியா. "போய் எடுத்து வா."

ஓடினாள். எடுத்தாள். வந்தாள். மறுபடி அடித்தாள்.

"இன்னும் நல்ல ஷாட்."

மறுபடி ஓடினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. திரும்பி வரும்போது மூச்சு வாங்கியது. அடுத்த பந்தில் அந்த அதிகாரியின் முகம் தெரிந்தது போலும். அடித்த அடியில் அது சுவரைத் தாண்டிச் சாலையில் போய் விழுந்தது.

பாதித் தூரம் ஓடினாள். மீதியை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நடந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் பிரேக் போட்டது. கதவு திறந்தது. யாரோ எதற்கோ சிரித்தார்கள். சுவருக்கு மேலே ஒரு கை மட்டும் எழும்பியது. பந்து வானத்தில் வளைந்து வந்து, ஒரு குதி குதித்து, லுசெட்டாவின் காலடியில் நின்றது.

பஸ் போய்விட்டது.

லுசெட்டாவின் வலது கை தலைக்கு மேலே உயர்ந்திருந்தது.

"யார் அது?" பின்னாலிருந்து ஆல்தியா கேட்டாள்.

"தெரியாது."

"கை தூக்கினாயே."

"பந்தை எடுத்துப் போட்டால் கை தூக்குவோம். ஆடுகிற எல்லோரும் செய்வதுதானே. பழக்கம்."

"அவர்கள் பார்த்திருப்பார்களா?"

"சுவர் மறைக்கிறது. எப்படிப் பார்ப்பார்கள்?"

ஆல்தியா திரும்பிப் போய்த் துவரையின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

லுசெட்டா மட்டும் மைதானத்தின் நடுவில் நின்றாள். சொல்ல ஒரு பதில் வைத்திருந்தாள். நல்ல பதில்தான். வாயைத் திறந்தபோதுதான் கவனித்தாள், தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை.

வெகுநேரம் கழித்து முற்றத்துக்கு வந்தாள். இந்தமுறை உட்கார்ந்தாள். ஒரு கை துவரையை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு உரிக்கத் தொடங்கினாள்.

"பெர்னிஸ் இப்போது எங்கே இருக்கிறாள், கேப்டன்?"

"அதே ஊரில்தான். பந்து போட்டுப் போட்டுத் தோள்பட்டை போய்விட்டது. ரொட்டிக்கடை வைத்திருக்கிறாள்."

"நாளைக்கு மைதானத்துக்கு வருவாளா?"

"கூப்பிட்டால் வருவாள். இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை."

லுசெட்டா உரித்த துவரையைப் பாத்திரத்தில் போட்டாள்.

அப்போது போன் அடித்தது. அதே அதிகாரி. வருகிறாயா இல்லையா என்று கேட்டார்.

"வருகிறேன். ஆனால் ஐந்து நிமிடம் போதாது."

மறுமுனையில் குரல் இறங்கியது. பழைய விஷயங்களையெல்லாம் கிளறப்போகிறாயா என்று கேட்டது.

"கிளறத்தான் வேண்டும். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். நாளைக்கு உங்களுக்கு நேரம் ஒதுக்க முடியாது."

இடைவேளையே மொத்தம் அரை மணிதான் என்றார் அவர்.

லுசெட்டா பையைத் திறந்து தொப்பியை எடுத்தாள். கையில் ஒட்டியிருந்த துவரைத் தோலைத் துடைத்துவிட்டு, அந்தத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அப்படியானால் அந்த அரை மணியும் வேண்டும்," என்றாள்.