கிடங்கு வாசலில் நூற்றிருபது அணில்கள்

குளத்தங்கரை இலுப்பைத் தோப்பில் அணில்கள் கூட்டமாக வாழ்ந்தன. நாள் முழுக்கத் தோண்டினால் மூன்று கடலைப்பருப்பு கிடைக்கும். வயிறு நிறையாது, பட்டினியும் இல்லை.

நகரத்தில் கரடியார் ஒரு கடலைக் கிடங்கு வைத்திருந்தார். அங்கே கடலை ஓடு உடைக்கும் அணிலுக்கு நாளுக்குப் பத்துப் பருப்பு கூலி! யாருக்குத்தான் ஆசை வராது?

இலுப்பைப் பூ உதிரும் திருநாளுக்கு, நகரம் போனவர்கள் வாய் நிறையக் கடலையோடு தோப்புக்கு வருவார்கள். வெறும் வாயோடு வருவது மானக்கேடு. அந்தக் கடலையைப் பார்த்து மயங்கித்தான் வரிச்சி என்ற அணில் போன வருஷம் கிளம்பிப் போனாள்.

இந்த வருஷம் வெறும் வாயோடு வந்து நின்றாள்! தோப்பே கிசுகிசுத்தது. வரிச்சிக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் நேரே தம்பி துடியனிடம் போனாள். அவன் தன் பொந்தை மைனாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு மறுநாள் நகரம் கிளம்புவதாக இருந்தான். அதைக் கேள்விப்பட்டுத்தான் அவள் ஓடி வந்திருந்தாள்.

"பொந்தைக் கொடுத்திடாதேடா!"

"நீ சோம்பேறியா இருந்திருப்பே, அக்கா! வந்த மூணு பேரும் வாய் கொள்ளாமக் கொண்டு வந்திருக்காங்களே!"

"வந்தது மூணு பேர். போனது எத்தனை பேர்?"

துடியன் அதை எண்ணிப் பார்த்ததே இல்லை.

"பத்தொன்பது பேர்டா! மத்தவங்க எல்லாம் கிடங்கு வாசல்ல நிக்கிறாங்க. சிதறுன தூளைப் பொறுக்கித் தின்னுட்டு நானும் அங்கதான் நின்னேன். நான் போனப்ப பத்து வேலை, நின்னது நாற்பது பேர்."

"கரடியார் இன்னும் பத்துப் பேரைச் சேர்த்ததாக் காக்கா சொல்லுச்சே!"

"சேர்த்தார். காக்கா அதை எல்லாத் தோப்புலயும் போய்ச் சொல்லுச்சு. இப்ப இருபது வேலைக்கு நூத்தியிருபது பேர்! மொத்தக் கூலியையும் எல்லாருக்கும் பங்கு வெச்சா, தலைக்கு ரெண்டு பருப்புகூடத் தேறாது."

"வேலை கிடைச்சவங்க நல்லாத்தானே இருக்காங்க?"

"கொடுத்து வெச்சவங்க! உனக்கும் கிடைக்கலாம். கிடைக்கலேன்னா, பிள்ளைங்களோட எங்கே திரும்பி வருவே?"



அப்போது பக்கத்துக் கிளையிலிருந்து சடைச்சி இறங்கி வந்தாள். அவள் புருஷன் நகரம் போய் இரண்டு வருஷம் ஆயிற்று. ஒரு திருநாளுக்கும் வரவில்லை.

"என் வீட்டுக்காரரை அங்கே பாத்தியா, வரிச்சி?"

"பாத்தேன் மதினி. வாசல்லதான் நிக்கிறார். வெறும் வாயோட வர வெட்கமா இருக்காம்."

சடைச்சிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "இவர்கிட்ட யாரு கடலை கேட்டா? ஆளு வந்தாப் போதாதா!"

துடியன் தன் குட்டிகளைப் பார்த்தான். பிறகு மைனாவிடம் போய், பொந்து தருவதற்கில்லை என்று சொல்லிவிட்டான்.

பிழைக்க ஊர்விட்டுப் போவது தப்பில்லை. ஆனால் ஜெயித்துத் திரும்பியவர்களை மட்டும் பார்த்துக் கிளம்புகிறவர்கள், திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.