நூறு தூண் மண்டபம்

கோயமுத்தூரில் ஓட்டல் முதலாளி தெய்வசிகாமணிக்கு ராஜா ஆசை வந்துவிட்டது. ஓட்டல் தோட்டத்தில் விழா மண்டபம் வேண்டுமாம், பழைய கோயில் மாதிரி நூறு கல்தூணோடு.

"ஆனா, தூண் மறைக்குதுன்னு விருந்தாளி ஒருத்தர் சொன்னாலும் உங்க கூலி கிடையாது" என்றார் கட்டித்தர வந்தவர்களிடம்.

பெரிய இன்ஜினியர்கள் கும்பிடு போட்டுவிட்டு நழுவினார்கள். வரைபடம் போடும் தமயந்தி மட்டும், "ஆகட்டுங்க. தூண் எங்கெங்கேன்னு நானே முடிவு பண்ணிக்கறனுங்க" என்றாள்.

திறப்பு விழாவில் முதலாளி மேடையேறித் தன் பெருமையை ஒரு மணி நேரம் அளந்தார். தூண் இடுக்குகளில் தெரிந்த தலை ஒன்றுகூட அசையவில்லை. பூரித்துப்போய் இறங்கி, முதலில் அகப்பட்டவரிடம் கேட்டார்.

"தூண் ஏதாச்சும் மறைச்சுதுங்களா?"

"துளிகூட இல்லீங்க. எந்த நாற்காலியில உக்காந்தாலும் சாப்பாட்டு ஹால் கதவு பளிச்சுன்னு தெரியுது."

"மேடை?"

"மேடை இருந்துச்சுங்களா?"

முதலாளி தமயந்தியை முறைத்தார்.

"விருந்தாளிங்க எதைப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்களோ, அதை மறைக்கலீங்க" என்றாள் அவள்.

திட்டுவதற்கு வாயெடுத்தார். ஆனால் அவர் நின்ற இடத்திலிருந்தும் அந்தக் கதவு பளிச்சென்று தெரிந்தது. உள்ளே முதல் பந்திக்கு இலை போட ஆரம்பித்திருந்தார்கள்.

"மிச்சத்தை அப்புறம் பேசிக்கலாம்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.