பெரிய டம்ளர் யாருக்கு?

திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் இருந்தது. இப்போது இல்லை, போன ஆடியில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். ஆனால் அதன் மொட்டை மாடியில் ஆரம்பித்த வழக்கு ஒன்று மட்டும் அதுவரை தீர்ந்தபாடில்லை. தீர்ப்புச் சொல்ல முடியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டவர் உமாபதி. உங்களுக்காவது முடிகிறதா பாருங்கள், புண்ணியமாகப் போகும்.

எழுபதுகளில் அங்கே ஒரே அறையில் நாலு பேர் குடியிருந்தார்கள். தலைமைச் செயலகத்தில் குமாஸ்தா உமாபதி, இன்ஷூரன்ஸ் ஆபீஸ் சம்பந்தம், தந்தி ஆபீஸ் தேவசகாயம், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த நைனா முகமது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடியில் சபை கூடும். அந்த வாரம் யாருடைய ஐடியா உருப்படியாக இருந்ததோ, அவருக்குப் பெரிய எவர்சில்வர் டம்ளரில் காபி. மற்றவர்களுக்குச் சின்ன டம்ளர்தான், எவ்வளவு கெஞ்சினாலும்.

அந்த நாளில் ஐடியா என்றால் என்ன தெரியுமா? இருக்கிற ஒரே பட்டு வேட்டியை வைத்துக்கொண்டு ரெண்டு பேர் ஒரே முகூர்த்தத்தில் ரெண்டு கல்யாணத்துக்குப் போய்வருவது எப்படி, குழாயில் தண்ணீர் வராத அன்று எந்த வீட்டுக் கிணற்றில் குளிப்பது, இவ்வளவுதான். பெரியவர்கள் உபாயம் என்றதை இவர்கள் ஐடியா என்றார்கள். ஊர் அந்தச் சொல்லை இன்னும் எப்படியெல்லாம் இழுத்தது! 'ஒரு ஐடியாவுக்குச் சொல்றேன்' என்றால் தோராயம். 'சினிமாவுக்குப் போற ஐடியா இல்லே' என்றால் மனசில்லை. 'அந்தப் பொண்ணு மேல ஐடியாவா?' என்றால், சரி, அதை நான் வேறு விளக்க வேண்டுமா!

உமாபதிக்கு இருந்தது இந்தக் கடைசி வகை. பெண்ணின் பெயர் கோதை, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. திங்கட்கிழமை பஸ் ஸ்டாப்பில் பார்த்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "நேத்து பெரிய டம்ளர் யாருக்கு?" என்பதுதான். உமாபதி ஒன்று விடாமல் ஒப்பிப்பார். அவள் சிரிப்பதைப் பார்ப்பதற்காகவே கொஞ்சம் சேர்த்தும் சொல்வார்.

மன்னார்குடியிலிருந்து அவள் அப்பா வேங்கடாசலம் பையனைப் பார்க்க வருகிறார் என்று சேதி வந்தது. மேன்ஷன் பையன் என்றாலே பெண் கொடுக்கத் தயங்கிய காலம். அவர் வேண்டாமென்றால் கோதை மீற மாட்டாள். எல்லாம் அன்றோடு சரி. ஆகவே ஒரு திருட்டு ஏற்பாடு நடந்தது. மயிலாப்பூரில் சம்பந்தத்தின் அத்தை வீடு இருந்தது. சனிக்கிழமை அங்கே உமாபதியை உட்காரவைத்து, இதுதான் ஜாகை என்று காட்டிவிடுவது. பேச்சோடு பேச்சாகத் தேவசகாயம், "பேசாம அந்த மனுஷனையே நம்ம சபைக்கு நடுவரா உக்கார வெச்சா என்னடே?" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தும் வேங்கடாசலம் ஞாயிறு காலையில்தான் வந்து இறங்கினார். முதல் நாள் வராதவரை எதற்கும் இன்றும் பார்த்துவிடலாம் என்று எழும்பூருக்குப் போயிருந்த நைனா முகமதுக்குப் பொய் சொல்ல நாக்கு எழவில்லை. அத்தை வீட்டை மறந்துவிட்டு நேரே மேன்ஷனுக்கே கூட்டிவந்துவிட்டார். பனியனோடு நின்ற உமாபதி சட்டையைத் தேடி ஓடினார். வேங்கடாசலம் படியேறி வந்து மூச்சு வாங்கியபடி, ஒருவரும் வாய் திறக்கும் முன்பே, "எங்கேப்பா அந்தப் பெரிய டம்ளர்?" என்றார். தேவசகாயம் நாற்காலியை இழுத்துப்போட்டு அவரை நடுவராக உட்காரவைத்தார். மனுஷர் வயிறு வலிக்கச் சிரித்தார். எழுந்து போகும்போது சொன்னார்: "மாப்பிள்ளைக்கு ஒளிக்கத் தெரியலே. அது போதும்."

அத்தை வீட்டுச் சமாசாரம் அவருக்குக் கடைசிவரை தெரியாது, பாவம்!

சரி, அவரைச் சபைக்கு வரவழைத்த ஐடியா யாருடையது? அங்கேதான் பிடித்தது சண்டை. "எனக்கு முதல்லயே தோணிடுச்சு, சிரிப்பீங்களேன்னு வாயை மூடிக்கிட்டேன்" என்றார் சம்பந்தம். வாய்விட்டுச் சொன்னவன் நான் என்றார் தேவசகாயம். செய்து காட்டியவன் நான் என்றார் நைனா. உமாபதிதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும், அதுவரை டம்ளர் அவர் வீட்டில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

டம்ளர் சும்மா இருக்கவில்லை. கல்யாணமாகி வந்த கோதை ஞாயிறுதோறும் அதில்தான் காபி குடித்தாள். நண்பர்கள் வந்து வழக்கைக் கிளப்பும்போதெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே அடுக்களைக்குள் போய்விடுவாள். போன தையில் அவளும் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு உமாபதி அந்த டம்ளரை அலமாரியிலிருந்து எடுக்கவே இல்லை.

மேன்ஷனை இடித்த வாரம் மூன்று கிழவர்களும் வந்தார்கள். "நாங்க கண்ணை மூடறதுக்குள்ள தீர்ப்பைச் சொல்லுடா" என்றார் சம்பந்தம். கம்பெனி வேலையில் இருக்கும் உமாபதியின் மகள் இந்துமதி, தங்கள் ஆபீசில் ஐடியாவை உடனே அவரவர் பெயரில் பதிந்துவிடுவார்கள், இல்லாவிட்டால் பக்கத்து சீட்டுக்காரர் அமுக்கிவிடுவார் என்றாள். ஐடியா இப்போது நிலம் மாதிரி ஆகிவிட்டது, வேலி போட வேண்டியிருக்கிறது. உமாபதிக்கு நியாயம் செய்ய ஆசைதான். ஆனால் டம்ளர் வாசலைத் தாண்டினால் கோதையே இன்னொரு தரம் போவது போல இருக்கும்.

நினைத்தவர் ஒருவர், சொன்னவர் ஒருவர், செய்தவர் ஒருவர். பெரிய டம்ளர் யாருக்குச் சேர வேண்டும்? அவசரப்படாமல் யோசித்துச் சொல்லுங்கள்.

விடை: மூவருக்கும் இல்லை. மன்னார்குடிக்காரருக்குப் பெரிய டம்ளர் ஒன்று இருப்பதே எப்படித் தெரியும்? சபை கூடும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து அவரை ரயிலேற்றியது யார்? வாராவாரம் சபைக் கதையைக் கேட்டவள் ஒருத்திதான். பேச்சின் நடுவே இது உறைத்ததும் உமாபதி டம்ளரை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். "அவதான்டா அப்பாவை அனுப்பியிருக்கா. அதான் அப்படிச் சிரிச்சிருக்கா, கள்ளி! நான் ஒரு மடையன், ஒருநாள்கூடக் கேக்கலியே" என்று சொல்லிக் குழந்தை மாதிரி அழுதார். மூவரும் வழக்கை அப்போதே வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். இந்துமதி அவர்களுக்குச் சின்ன டம்ளரில் காபி கொண்டுவந்தாள்.