யாரும் அணைக்காத மெஷின்

“இன்னும் ஒரே ஒரு டிஸ்க் மாட்டணும் மேடம். மாட்டிக்க மாட்டேங்குது.”

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அருளானந்தம்தான் சொன்னார். அவருக்கு சர்வர் வேலையைக் கற்றுக்கொடுக்க வந்திருந்த ஷெரீனா அவரைவிட வயதில் சிறியவர்.

அவர் டிஸ்க் மாட்டப் பார்த்தது ஒரு வர்ச்சுவல் மெஷினில். பெரிய சர்வருக்குள் உடம்பில்லாமல் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்; அதில் மாட்டும் டிஸ்க்குகள் தகவல் சேமிக்கும் இடங்கள். அவசரப் பிரிவுக்கு ரத்தப் பரிசோதனை முடிவுகள் அதன் வழியாகத்தான் போயின.

“இதுவரைக்கும் யார் யாருக்கு மாட்டியிருக்கீங்க?”

“கேட்டவங்களுக்கெல்லாம். ஸ்கேன், மருந்துக்கடை, கேன்டீன்...”

“கேன்டீனுக்கா?”

“சேர்மன் மச்சான் நடத்துறார் மேடம்.”

ஷெரீனா சிரித்தார். “கொஞ்சம் கழட்டுங்களேன்.”

“எது யாருக்கு வேணும்னே தெரியாது. கேட்டு வாங்கினவங்க பாதிப்பேர் வேலையை விட்டே போயிட்டாங்க. ஒரு மெஷினுக்கு இத்தனை டிஸ்க்தான்னு ஒரு எல்லை இருக்கே, அதை நீங்க கொஞ்சம் தளர்த்திக் குடுத்தாப் போதும்.”

“தளர்த்தலாம். ஒருதடவை அணைச்சு எழுப்பணும்.”

அருளானந்தம் கதவைப் பார்த்தார்.

“கடைசியா எப்ப அணைச்சீங்க?”

“அணைச்சதே இல்ல.”

“ஏன்?”

அவர் குரல் தணிந்தது. “ஓட ஓட ஒவ்வொண்ணா மாட்டிட்டேன். இப்ப அணைச்சா, இத்தனை டிஸ்க்ல எதுலேர்ந்து எழணும்னு அதுக்கே தெரியாமப் போயிடும். எழாமலே போகலாம் மேடம்.”

ஷெரீனா திரையில், அணைக்கும் பொத்தானை நோக்கி மவுஸை நகர்த்தினார்.

அருளானந்தம் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த பிறகுதான் பிடித்தது உறைத்தது. ஆனாலும் விடவில்லை.

“பேஷன்ட்டெல்லாம் இருக்காங்க!”

“இருக்காங்க. என் கையைப் பிடிச்சுட்டீங்க. கரண்ட் போனா எந்தக் கையைப் பிடிப்பீங்க?”

“ஜெனரேட்டர் இருக்கு.”

“அதுவும் ஒருநாள் நின்னுபோனா? அன்னைக்கு மெஷின் உங்களைக் கேட்டா அணையும்?”

ஏசி இரைந்துகொண்டிருந்தது.

அருளானந்தம் கையை எடுத்தார். அதே கையால் அவசரப் பிரிவுக்குப் போன் போட்டார்.

“சிஸ்டர், கொஞ்ச நேரம் ரத்த ரிப்போர்ட் கம்ப்யூட்டர்ல வராது. லேபுக்கு ஆள் அனுப்பி கையாலயே எழுதி வாங்கிக்குங்க. ரெடியானதும் சொல்லுங்க, அதுக்கப்புறம்தான் அணைப்பேன்.”

“ஐயையோ, என்ன சார் ஆச்சு?”

“இன்னும் ஒண்ணும் ஆகல சிஸ்டர். அதனாலதான்.”