கீழே பார்த்த காவல்காரி

காட்டோரத்துக் குளக்கரையில் ஒரு மருதமரம். அதன் அடியில் ஒரு தவிட்டுக்குருவிக் குடும்பம் சருகைக் கிளறிப் பிழைத்து வந்தது. கத்தலும் கூச்சலும் சண்டையும் சிரிப்பும் அங்கே எப்போதும் ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். எல்லாரும் குனிந்து புழு பொறுக்கும்போது ஒருவர் மட்டும் உச்சிக்கிளையில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்க வேண்டும். வல்லூறு வந்தால் கத்த வேண்டும். ஆளுக்கொரு முறை.

ஒருநாள் வடிவின் முறை. அவள்தான் வீட்டுக்கு மூத்தவள். புருஷனைப் பாம்புக்குக் கொடுத்தவள். காரைப்புதரில் இன்னும் பறக்கத் தெரியாத ஒரே ஒரு குஞ்சு அவளுக்கு. அதுதான் அவள் உயிர்.

வானம் வெறிச்சென்று கிடந்தது. எவ்வளவு நேரம்தான் அதையே பார்ப்பது? கொஞ்சம் கீழே பார்த்தாள். அங்கேதான் பிடித்தது சனி!

தம்பி சடையன் ஒரு கொழுத்த புழுவைப் பிடித்தான். தின்னவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒரு சருகுக்கு அடியில் தள்ளினான்.

"அடப்பாவி! நான் இங்க வெயில்ல காயறேன், இவன் அங்க பதுக்குறான்!" வடிவுக்கு வயிறு எரிந்தது.

முறை முடிந்து இறங்கினாள். சடையன் அதே புழுவை அலகில் கவ்விக்கொண்டு ஓடி வந்தான். "இந்தாக்கா, உனக்குன்னு எடுத்து வச்சேன்!"

இத்தோடு விஷயம் முடிந்திருக்கலாம். முடியவில்லையே! 'நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சுபோச்சு, அதான் குடுக்கிறான்' என்று நினைத்தாள் வடிவு. புழுவைத் தின்றுவிட்டாள், அது வேறு விஷயம்.

அன்றிலிருந்து காவலுக்கு ஏறினால் அவள் கண் வானத்துப் பக்கமே போகாது. யார் எதைத் தின்றார்கள்? தம்பி பெண்டாட்டி பேச்சி ஏன் அந்தப் பக்கம் திரும்பினாள்? இருவரும் எதற்குச் சிரித்தார்கள்? இதே வேலை.

மரப்பொந்தில் கோமு என்றொரு அணில் இருந்தது. அது மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

"நான் எதுவும் சொல்லலம்மா. ஆனா நீ மேல ஏறினா மட்டும் கீழ ஒரே சிரிப்பா இருக்கு. ஏன்னு எனக்குத் தெரியாது. எனக்கெதுக்கு ஊர் வம்பு?"

அணிலுக்கு இதில் என்ன லாபம்? ஒரு மண்ணும் இல்லை. பொழுது போக வேண்டாமா!

மறுநாள் வடிவு எல்லார் முன்னாலும் கத்தினாள். "சடையா! இனி நீ யாரோ, நான் யாரோ!"

"என்னக்கா ஆச்சு? நான் என்ன பண்ணேன்?"

"என்ன பண்ணேன்னு கேக்குற பாரு, அதுலயே தெரியுது!"

குஞ்சோடு காரைப்புதருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். மற்ற சொந்தங்கள் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, யாருக்கும் பொல்லாப்பில்லாமல் அக்கரைக்குப் பறந்துவிட்டன. குளத்துக்கு வந்த மைனாக்கள் வடிவைப் பாராட்டின.

"சரியான முடிவு! இந்தக் காலத்துல மனநிம்மதிதான் முக்கியம். சொந்தக்காரங்களை ஒதுக்கிட்டா பாதி வியாதி போயிடும்!"

சொல்லிவிட்டு மைனாக்கள் குடும்பம் குடும்பமாகக் கூட்டுக்குத் திரும்பின.

வடிவுக்கு மனநிம்மதி வந்ததோ இல்லையோ, பசி வந்தது. குனிந்து பொறுக்கினால் வானத்தைப் பார்க்க ஆள் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் அலகில் இரை இல்லை. நாளுக்கு நாள் இளைத்தாள். ஆனாலும் தம்பியை நோட்டம் விட மட்டும் அவளுக்கு நேரம் இருந்தது.

அவனும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தான். விடிந்ததும் மருதமரத்து உச்சியில் ஏறுவான். பொழுது சாயும்வரை வடிவின் புதர்ப்பக்கமே பார்த்துக்கொண்டு இருப்பான்.

"பாத்தியா கோமு! என் புதரையே பாக்குறான்!"

"நான் எதுவும் சொல்லலம்மா. ஆனா உன் புதருக்குப் பின்னால ஒரு உளுத்த கட்டை கிடக்குல்ல? நிறைய கரையான்..."

"அதைத்தான் குறி வச்சிருக்கான்! அதான் திங்கக்கூட இறங்க மாட்டேங்குறான். பேச்சி கொண்டு வந்து ஊட்டுறா. திட்டம் போடுறவனுக்குத் திங்க ஏது நேரம்!"

மறுநாள் வடிவு குஞ்சையும் இழுத்துக்கொண்டு அந்தக் கட்டைமேலேயே போய் உட்கார்ந்துவிட்டாள். எவன் வருகிறான் பார்க்கலாம்!

உச்சிவெயில் ஏறியது. திடீரென்று மருதமரத்திலிருந்து சடையன் அலறினான்.

"வல்லூறு! அக்கா, மேல பாரு! குஞ்சைப் புதருக்குள்ள தள்ளு!"

வடிவு சிரித்தாள். "நான் உள்ள போவேன், நீ வந்து கட்டையைக் காலி பண்ணுவ. நான் என்ன இளிச்சவாயா?"

"ஐயோ அக்கா, மேல பாரேன்!"

அவள் மேலே பார்க்கவில்லை. வைத்த கண் வாங்காமல் தம்பியைத்தான் பார்த்தாள். சடையன் கிளையை விட்டுப் பாய்ந்தான். நேராக அவளை நோக்கி வந்தான்.

"வந்துட்டான்யா, வந்துட்டான்!" வடிவு இறக்கையை விரித்துக்கொண்டு எதிர்த்து நின்றாள். அவன் நெஞ்சில் ஓங்கிக் கொத்தினாள். அவன் நிற்கவில்லை. அவளைத் தாண்டிப் போய்க் குஞ்சின்மேல் விழுந்து மூடிக்கொண்டான்.

அதற்கப்புறம்தான் கட்டைமேல் நிழல் விழுந்தது.

வடிவு நிமிர்ந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வல்லூறு மேலே போய்க்கொண்டிருந்தது. அதன் நகத்தில் சடையன் தொங்கினான். குஞ்சு கட்டைமேல் நடுங்கிக்கொண்டு நின்றது. அதன்மேல் ஒரு கீறல்கூட இல்லை.

"தம்பீ!" என்று வடிவு கதறினாள். யார் கேட்பது?

பேச்சி பறந்து வந்தாள். "மதினி, குஞ்சு நல்லாருக்கா?" அதைத்தான் முதலில் கேட்டாள். குஞ்சைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"அவன்... அவன் ஏன் என் புதரையே பாத்துக்கிட்டு இருந்தான்?" என்றாள் வடிவு.

"எங்க மதினி புதரைப் பாத்தாரு? புதருக்கு மேல வானத்தைப் பாத்தாரு! 'ஒத்தை ஆளு திங்கவும் காக்கவும் எப்படி முடியும்? அக்கா பேசாட்டி என்ன, நான் காவல் இருக்கேன்'ன்னாரு. 'அதைப் போய்ச் சொல்லிடுங்களேன்'னேன். 'சொன்னா அதுக்கும் அக்கா வேற அர்த்தம் எடுத்துக்கும்'ன்னாரு."

மரத்தில், "நான் எதுவும் சொல்லலம்மா" என்று முனகிவிட்டு அணில் பொந்துக்குள் புகுந்துகொண்டது.

இப்போது அந்த உச்சிக்கிளையில் வடிவுதான் உட்காருகிறாள். கீழே பேச்சியும் குஞ்சும் சருகு கிளறுகிறார்கள். "முறை முடிஞ்சுது, இறங்குங்க மதினி!" என்று பேச்சி எத்தனை தடவை கூப்பிட்டாலும் வடிவு இறங்குவதில்லை. கீழே யார் எதைத் தின்கிறார்கள் என்று அவள் பார்ப்பதும் இல்லை.

சந்தேகக் கண்ணோடு பார்ப்பவர்களுக்குத் தம்மைக் காக்கிறவனும் வேவு பார்க்கிறவனாகவே தெரிவான்; உண்மையான எதிரி வருவது மட்டும் தெரியவே தெரியாது.